பொன்னுத்தாய்க்கு ஒரு சொட்டு

வாருங்கள், இந்த அநீதியை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். உள்ளங்கையளவு கண்ணாடித் தட்டில் பொன்னுத்தாயின் தொடைத்தசைத் துணுக்கு இன்னும் உயிரோடிருக்கிறது. ஆராய்ச்சியாளர் மெஹருன்னிசா நாள்தோறும் அதில் ஒரு சொட்டு இன்சுலின் விடுகிறார். மருந்து பட்டதும் உயிரணுவுக்குள் ஒரு புரதம் அடுத்த புரதத்துக்குச் சேதி சொல்கிறது. கதவு திறந்து சர்க்கரை உள்ளே போகிறது. அதில் பழுதே இல்லை.

உப்பளத்தில் வேலை செய்த பொன்னுத்தாய்க்குச் சர்க்கரை நோய். ஆராய்ச்சிக்குத் தசையைக் கொடுத்த அன்று சிரித்தாள். "நல்ல கறியாப் பாத்து எடுத்துக்கிடுங்கம்மா. எனக்கு ஊசிமருந்து மட்டும் நிக்காம பாத்துக்கிடுங்க." மெஹருன்னிசா தலையாட்டினார். பிறகு ஊர் மருத்துவமனையில் இன்சுலின் தீர்ந்தது. பதினோராம் நாள் அவள் இறந்தாள். அந்தப் பதினொரு நாளும் தட்டுக்குச் சொட்டு தவறவில்லை.

நேற்று அவள் மகள் செல்வராணி வந்து தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுக்கு மட்டும் எங்க இருந்துக்கா மருந்து வருது?"

மெஹருன்னிசா சொட்டுக்குழாயைக் கீழே வைத்தார். செல்வராணிதான் அதை எடுத்து, அன்றைய சொட்டைத் தாய்க்கு விட்டாள்.

நீங்கள் உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் போங்கள். மருந்துப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். காலியாக இருந்தால், நிரம்பும்வரை அங்கேயே நில்லுங்கள்.