புழுமனை வாசல்

வெள்ளச்சி தன் பட்டுப்புழு மனையின் வாசலில் குறுக்கே நின்றாள். உள்ளே புழுக்கள் கூடு கட்ட இன்னும் நான்கு நாள் இருந்தது. அவை செத்துப்போனால் அவள் மறுபடியும் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகவேண்டும். அந்தத் தோட்டத்து முதலாளிதான் இப்போது மனையைப் பார்க்க வந்து எதிரில் நின்றார். கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தார்.

"பொகையில வாசம் பட்டாலே புழு செத்துடும், மொதலாளி. அதத் துப்பிட்டு, படிக்கிட்ட பேசின்ல இருக்கிற மருந்துத் தண்ணியில கால் கழுவிட்டு வாங்க."

"மலைச்சாதி ஆளு ஒருத்தனும் என் வாசப்படிய மிதிச்சதில்ல. நீ என்னக் கால் கழுவச் சொல்றியா?"

"கால் கழுவிட்டாவது உள்ள வான்னு எங்கள நீங்க ஒருநாளும் சொன்னதில்லியே."

அவர் சிரித்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசினில் கால் வைத்தார். விரலிடுக்குகளைக்கூட விடாமல் நிதானமாகத் தேய்த்துக் கழுவினார். ஈரக்காலோடு படியேறி வந்து, வாய் திறக்காமல், வழிவிடும்படி கையை அசைத்தார். கன்னம் இன்னும் உப்பியே இருந்தது.

வெள்ளச்சி கதவுநிலையின் இரண்டு பக்கமும் கைகளை ஊன்றிக்கொண்டாள்.

"வாயத் தொறங்க," என்றாள்.