சத்தமில்லாத தறிக்கூடம்

சென்னை ஜவுளி கம்பெனியின் அதிகாரி, சங்கரன்கோவிலில் சுயம்புலிங்கத்தின் வீடு தேடி வந்து பொன்னாடையைப் பிரித்தார்.

“எங்களுக்குத் துண்டு நெய்து தர்ற எல்லாத் தறிக்கூடத்தையும் அலசிட்டோம் சார். சுற்றுச்சூழலைக் கெடுக்காததுல உங்களுக்குத்தான் முதல் பரிசு! கரண்ட் செலவு ரொம்பக் குறைச்சல். சாயத்தண்ணி ஒரு சொட்டுகூட வெளிய போகலை. எப்படி சாதிச்சீங்க?”

சுயம்புலிங்கத்துக்குக் காது மடல் சூடேறியது. மனைவி சுப்புத்தாய் கண்ணாலேயே அடக்கினாள்.

“எல்லாம் உங்க கம்பெனி புண்ணியம்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“தெரு முழுக்கத் தறிச் சத்தம் காதைக் கிழிக்குது. உங்க கூடத்துல அதுவும் இல்லை! வாங்க, தறி பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

“வாரும் வே!”

துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டித் தறிக்கூடத்தின் கதவைத் திறந்தார். உள்ளே வெறும் தரைதான் இருந்தது.

“பசுமைச் சான்றிதழ் இல்லைன்னு போன வருசம் ஆர்டரை நிறுத்துனது யாரு வே? தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். தறியே இல்லாத எடத்துல சாயத்தண்ணி எங்கன இருந்து வரும்?”

அதிகாரி தடுமாறினார். “அது கொள்முதல் பிரிவு சார்... நான் சுற்றுச்சூழல் பிரிவு.”

“அப்போ சாதிச்சது அவங்கதான். பொன்னாடையைக் கொண்டுபோய் அவங்களுக்கே போர்த்தும்!”