சம்சாரத்தின் சம்மதம்

ஏகாம்பரத்தின் வீட்டுச் சுவரில் இருந்த 'கூடி முடிவெடுப்போம்' கருவி லேசுப்பட்டதல்ல. தொடக்க விழாவில் பொன்னாடையே வாங்கியது. நோயாளி, மனைவி, டாக்டர் மூவரும் சரி சொன்னால்தான் இன்சுலின் பெட்டியைத் திறக்கும்.

"ஐயா, சர்க்கரை முந்நூற்று நாற்பது. ஊசி போடலாமா?" என்று பணிவாகக் கேட்டது.

டாக்டர் திரையில் சரி சொல்லிவிட்டார்; மனைவி குமுதவல்லியும் சொல்லிவிட்டாள். மறதி நோய்க்காரரான ஏகாம்பரம்தான் உதட்டைப் பிதுக்கினார்.

"என் சம்சாரத்தைக் கேக்காம நான் எதுக்கும் சரி சொல்றதில்ல."

"நான்தாங்க குமுதா!"

"வெளையாடாதீங்கம்மா. அவளுக்கு முடி கருகருன்னு இருக்கும்."

நோயாளியின் விருப்பமே பெரிது என்று அறிவித்துவிட்டுக் கருவி சும்மா இருந்தது.

குமுதவல்லி சமையலறைக்குப் போய், அங்கிருந்து அவருடைய செல்போனுக்குப் பேசினாள். "ஏங்க, ஊசி போட்டுக்குங்க."

"குமுதாவா! எங்கடி போயிட்டே? சரி சரி, நீ சொன்னா போட்டுக்கறேன். சீக்கிரம் வா."

கருவி மூன்று பச்சை விளக்குகளையும் எரித்து, குடும்பத்தின் ஒற்றுமையைப் பாராட்டியது.

ஊசியோடு வந்து நின்றவளிடம் ஏகாம்பரம் முகம் மலரக் கையை நீட்டினார்.

"பாவம், எத்தனை நாளா எனக்காகக் கஷ்டப்படறீங்க. அவ வந்துடுவா. அப்புறம் நீங்க உங்க வீட்டுக்குப் போயிடலாம்மா."