சம்மதப் படிவம்

"காலை எடுக்க அவ ஒத்துக்க மாட்டா டாக்டர். இருபத்தெட்டு வருஷமா குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?" என்றார் வாத்தியார்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். முந்தாநாள் சேர்க்கும்போது வாத்தியார் மனைவியின் வலது காலில் இரண்டு விரல்தான் கறுத்திருந்தது. இன்றைக்குப் பாதிப் பாதம் கறுத்துவிட்டது. சர்க்கரை வியாதி முற்றின கால், யாருக்காகவும் காத்திருக்காது.

"வலி எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் கட்டில் பக்கம் குனிந்தார்.

"கணுக்கால் வரைக்கும் குத்துது டாக்டர், கண்ணே மூடலை," என்றார் வாத்தியார். மனைவி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? உடம்பை முழுசாத்தான் மண்ணுக்குக் கொடுக்கணும்பாங்க அவங்க வீட்டுல. எங்க மாமனாரும் காலை எடுக்க விடாமத்தான் போய்ச் சேர்ந்தார். நம்பிக்கையை அதட்டி மாத்த முடியாது டாக்டர்."

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் விஷயம் தெரிந்தவர். நர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்குப் பண்பாடும் வரலாறும் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. எந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பட்ட பாட்டுக்கு எந்த ஜனங்கள் இன்னும் ஊசியைக் கண்டால் ஓடுகிறார்கள் என்று மணிக்கணக்கில் பேசுவார். அதைக் கேட்டவர்களுக்கு நோயாளிமேல் எரிந்துவிழ மனசு வராது.

"நாளைக்குள்ள கையெழுத்து வரலைன்னா முழங்கால் வரைக்கும் எடுக்கணும். அதையும் தாண்டினா உசுருக்கு நான் உத்தரவாதம் தர முடியாது," என்று படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டு டாக்டர் போனார்.

வாத்தியார் இரண்டு நாளாகக் கட்டிலை விட்டு நகரவில்லை. சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதே. உனக்குப் பிடிக்காத எதையும் நான் நடக்க விடமாட்டேன்," என்றார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவருக்கும்தான்.

அப்போது நர்ஸ் உள்ளே வந்தாள். அவருடைய பழைய மாணவிதான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூக்கத்தில் சாமியாடியதால் 'தூங்குமூஞ்சி' என்று அவரே பேர் வைத்திருந்தார்.

"சார், கொஞ்சம் வெளிய இருங்க. அம்மாகிட்ட நான் தனியாப் பேசணும்."

"நான் இல்லாம அவ பேசமாட்டாளேம்மா."

"நோயாளியைத் தனியாக் கேக்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க."

"அது பாடம்மா," என்றார் வாத்தியார். "இது என் பொண்டாட்டி."

ஆனாலும் அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் எழுந்து போனார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படித்த புத்தகம் அத்தனையும் இருந்து என்ன பிரயோஜனம், வீட்டுக்காரியைக் காப்பாற்ற ஒரு வழி தெரியவில்லையே. எதிரே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

கால் மணி நேரம் போயிருக்கும். நர்ஸ் படிவத்தோடு வெளியே வந்தாள். அடியில் மனைவியின் கையெழுத்து முழுப் பெயரோடு, கொஞ்சமும் நடுங்காமல் இருந்தது.

"தெய்வம்மா நீ," என்று கும்பிடப் போனார் வாத்தியார். "எப்படி அவ மனசை மாத்தினே?"

நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை மடித்தாள்.

"மாத்தலை சார். முந்தாநாளே அவங்க சரின்னுதான் இருந்தாங்களாம்."

"அப்புறம் ஏம்மா ரெண்டு நாளா..."

"வேணாம்னு சொன்னது நீங்கதானாம் சார்."