தஞ்சாவூரில் ஒரு பெரு நாட்டுக்காரர்

"முதலாளி, இது நல்லா இல்லீங்க. ஏ.சி. ரூம்ல உமி பறக்குது!"

மேனேஜர் இராஜாங்கம் வாசலில் நின்றபடியே புகாரை ஆரம்பித்தார். அரிசி ஆலை இயந்திரங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். யார் உழைக்கிறார்கள், யார் ஓபி அடிக்கிறார்கள் என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"யாரு, விண்ணரசியா?" முதலாளி தியாகராசன் நிமிர்ந்தார்.

"வேற யாரு? இன்னும் ஏழு நாள்ல மெஷின் கப்பல் ஏறணும். கூடவே ஸ்பானிஷ்ல புஸ்தகம் போகலேன்னா பெருக்காரன் ஆர்டரை ரத்து பண்ணிடுவான். இந்தம்மா நாலு நாளா நாலு பக்கம் தாண்டல. ஷெட்டுல சோதனை நெல்லுக்கு முறம் பிடிக்கிற தர்மாம்பாளை உக்காத்தி வெச்சு ஒரே பேச்சு. ஆபீஸ் போன்ல ஸ்பெயினுக்குக் கூப்பிட்டுச் சிரிப்பு வேற!"

பெருவிலிருந்து வந்ததுதான் கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர். மெஷினை ஓட்டும் முறையை ஸ்பானிஷில் எழுதத்தான் விண்ணரசியை எடுத்திருந்தார்கள். மாட்ரிட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

தியாகராசன் எழுந்து போய்ப் பார்த்தார். கண்ணாடி மேஜை மேல் பேப்பர் விரித்துக் குவியல் குவியலாக ஏதேதோ கிடந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த தர்மாம்பாள் பதறி எழுந்தாள்.

"என்னம்மா இது கூத்து?"

"சார், நம்ம இங்கிலீஷ் புஸ்தகத்துல ஹஸ்க், ஹல், சாஃப், பிரான்னு வருது" என்றாள் விண்ணரசி. "எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு. நான் டவுன்ல வளர்ந்தவ, எனக்கு வித்தியாசம் தெரியல. எந்த வாயில எது விழணும்னு மாத்தி எழுதிட்டா, மெஷினைத் தப்பா முடுக்கி அரிசி பூரா நொய்யாக்கிடுவாங்க. தர்மாம்பாள் தொட்டுப் பார்த்துப் பிரிச்சுச் சொல்றாங்க."

"மொத ரெண்டும் உமிதாங்க. ஒண்ணுக்கே ரெண்டு பேரு வெச்சிருக்காங்க" என்றாள் தர்மாம்பாள். "அடுத்தது பதரு. கடைசி தவுடு."

"சரி, போன் எதுக்கு?" இராஜாங்கம் விடவில்லை.

"நான் கத்துக்கிட்டது ஸ்பெயின் பேச்சு சார். தவிட்டுக்கு அங்க சல்வாதோ, பெருவுல போல்வீயோ. உமின்னா அங்க கஸ்கரீயா, பெருவுல பஹீயா. மாட்ரிட்ல என்கூட வேலை பார்த்தவ பெருக்காரி. அவ அண்ணன் பெருவுல அரிசி மில்லுல இருக்காரு. கேட்டுக் கேட்டு எழுதறேன்."

"ஸ்பானிஷ்னா ஸ்பானிஷ்தானே? சென்னையில ஒரு ஏஜென்சி ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுக்கிறான்."

"நாகர்கோவில்காரங்க வேகமா பேசினா நமக்குச் சட்டுன்னு புரியுதா சார்?"

இராஜாங்கத்தின் மாப்பிள்ளை நாகர்கோவில். அவர் முதலாளி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏழாம் நாள் காலையில புஸ்தகம் என் மேஜைல இருக்கணும்மா" என்றார் தியாகராசன். "இல்லேன்னா சென்னைக்காரன்தான். நீங்க வேற வேலை தேடிக்க வேண்டியதுதான்."

அவர் தலை மறைந்ததும் இராஜாங்கம் தர்மாம்பாள் பக்கம் திரும்பினார். "உனக்கு இங்க என்ன வேலை? போ, ஷெட்டுக்குப் போ."

தர்மாம்பாள் போனாள். விண்ணரசியும் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். மீதிப் புத்தகம் முழுக்க ஷெட்டில், மெஷின் இரைச்சலுக்கு நடுவில்தான் எழுதப்பட்டது. ஏழாம் நாள் காலையில் முதலாளியின் மேஜையில் இருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பெருவிலிருந்து கடிதம் வந்தது. தியாகராசன் எல்லாரையும் ஷெட்டில் கூட்டினார். விண்ணரசி தமிழில் சொல்லச் சொல்ல, இராஜாங்கமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கள் ஆட்கள் புத்தகத்தைப் படித்தார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. மெஷினை ஓட்டினார்கள், அரிசி முழுசு முழுசாக விழுகிறது. இன்னும் ஆறு மெஷின் வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. உங்களிடம் எங்கள் ஊர்க்காரர் யாரோ வேலை செய்கிறார். வெளியார் எவரும் இப்படி எழுதவே முடியாது. மெஷின்களைப் பொருத்த அந்தப் பெரு நாட்டுக்காரரையே அனுப்பி வைக்கவும்."

ஷெட்டே விசிலடித்தது. தியாகராசனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இனிமே உங்க வேலையை யாரும் அசைக்க முடியாது விண்ணரசி. கிளம்புங்க பெருவுக்கு!"

"நான் பாதி ஆளுதான் சார்" என்றாள் விண்ணரசி. "பேரை மாத்தி எழுதினது நான். எது எதுன்னு சொன்னது தர்மாம்பாள். ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் அந்தப் பெரு நாட்டுக்காரர்."

"அப்ப ரெண்டு டிக்கெட்! இராஜாங்கம், தர்மாம்பாளுக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதுங்க."

இராஜாங்கத்தின் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் அவர் விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். தர்மாம்பாள் கை கட்டி நின்றாள். அவள் தெருவில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன ஆம்பிளைகள் உண்டு. விமானம் ஏறிய பொம்பளை கிடையாது.

"வீட்டுக்காரர் பேரு?"

"முருகையன் சார்."

"படிப்பு?"

"மழைக்குக்கூட பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினதில்ல சார்."

"என்ன தொழில்னு போட?"

"நெல்லு பொடைக்கிறதுன்னு போடுங்க சார். உள்ளதைத்தானே எழுதணும்?"

இராஜாங்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, கொட்டை எழுத்தில் நிதானமாக எழுதினார்.

"போட்டுட்டீங்களா சார்?"

"போட்டுட்டேம்மா. நீங்க சொன்ன மாதிரி உள்ளதைத்தான் போட்டிருக்கேன்."

அவள் கும்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனாள். தொழில் என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது: மொழிபெயர்ப்பாளர்.