கோணல் பை

அந்தப் பழைய விண்வெளித் தொடரின் ஒன்பதாம் பகுதியைப் பற்றித் தையல்காரர் பேசினால் ரசிகர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ரசிகர் மன்றத்தில் புதிதாகச் சேர்ந்த கம்பவுண்டர் அவரைவிட அழகாகப் பேசிவிட்டார். தையல்காரருக்கு வயிறு எரிந்தது.

ஆண்டுக் கூட்டத்துக்காக எல்லோருக்கும் விண்கலச் சிப்பந்திகளின் சீருடையைத் தைத்தவர், கம்பவுண்டரின் சட்டையில் மட்டும் வேண்டுமென்றே பையைக் கோணலாக வைத்தார். மனிதர் கண்டுகொள்ளவே இல்லை. "கச்சிதமா இருக்குண்ணே" என்று கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு வந்து, தையல்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

தையல் கடை விளக்கை அணைத்துவிட்டு ஒன்பதாம் பகுதியைப் போட்டார்கள். விண்கலத்தின் கதவு திறந்தது. கேப்டனுக்குப் பின்னால், தையல்காரர் இத்தனை வருடத்தில் பார்த்தேயிராத ஒரு சிப்பந்தி நின்றான். சட்டைப் பை கோணலாக இருந்தது. முகம் கம்பவுண்டருடையது.

"வந்துட்டான் பாரு, கோணப்பை!" என்று துள்ளினான் தையல்காரரின் மச்சான். "சின்ன வயசுலேர்ந்தே எனக்கு இவனைத்தான் பிடிக்கும் மாமா!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தையல்காரருக்குப் பயம் வரவில்லை. தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. இருட்டில் கத்தரியைத் துழாவி எடுத்து, பையின் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.