மூன்று கால் கோழி

குழந்தையைப் புலியின் முதுகில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, ஷைனி ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பிறகு புலிக்கு ஒரு கூலிங் கிளாஸும் மாட்டிவிட்டாள். புலி ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் புலி அப்படித்தான்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த அந்த ஸ்டுடியோவுக்குக் கூட்டம் வருவதே இதற்காகத்தான். பிள்ளைகளின் உள்ளங்கையில் தாஜ்மகாலை வைப்பாள், மல்லிகைப் பூவுக்குள் கைக்குழந்தையைத் தூங்கப் போடுவாள். யாரும் கேட்காமலே ஒரு மூலையில் தவளையையோ வாத்தையோ ஒளித்தும் வைப்பாள்.

வாங்கிப் போகிறவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். அவளுக்குத்தான் சிரிப்பு வருவதில்லை. மனசு மரத்துப்போய்க் கொஞ்ச காலமாகிவிட்டது.

முதலாளி கிளெமென்ட் ப்ளைவுட் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு பழைய கலர் போட்டோ.

"ஏம்மா, புலியச் செத்த நேரம் ஓரங்கட்டு. வேடசந்தூர்ல இருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வந்திருக்காரு. கையோட வாங்கிட்டுப் போகணுமாம்."

படத்தில் ஒரு நாற்காலியில் அப்பா, இன்னொன்றில் கைக்குழந்தையோடு அம்மா. இரண்டுக்கும் நடுவில், வீட்டுச் சுவரை ஒட்டி, எட்டு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளில் போடுகிற வெள்ளைக் கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுவர்த்தி.

"நடுவுல நிக்கிற பொண்ணைத் தூக்கிரணும்."

"தூக்கிட்டு?"

"வெறும் சுவரு போதும். பெருசானப்புறம் அது வேற மதத்துப் பையனோட போயிருச்சாம். இப்ப சின்னவளப் பொண்ணு பாக்க ஞாயித்துக்கிழம வாராங்க. வீட்டுக்கு ஒரே பொண்ணுன்னு சொல்லி வச்சிருக்காரு. ஹால்ல மாட்டியிருக்கிற படத்தக் காட்டி இது யாருன்னு கேட்டா, சம்பந்தமே நின்னுபோகும்ல?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, இப்படிப் பண்றாங்கன்னு?"

"அது எந்த ஊர்ல இருக்குன்னே இவருக்குத் தெரியாதாம். பிறகெங்க?"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. "தம்பி, அந்தப் பிள்ள நின்ன தடமே தெரியக் கூடாது. சொல்லிருங்க."

"தெரியாது சார்!" என்று கத்திவிட்டு, கிளெமென்ட் குரலைத் தாழ்த்தினார். "தவளை கிவளை வச்சிராதம்மா. சிரிக்கிற ஆளு இல்ல இவரு."

ஷைனி தலையாட்டினாள்.

படத்தை ஸ்கேன் செய்து திரைக்குக் கொண்டுவந்தாள். முதலில் மெழுகுவர்த்தி போனது. அப்புறம் கை, கவுன், வெள்ளை ஷூ. பக்கத்துச் சுவரிலிருந்து துண்டு துண்டாக எடுத்து மேலே ஒட்டிக்கொண்டே போனாள்.

முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதை அழிக்கும்போதாவது ஏதாவது தோன்றும் என்று நினைத்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல இருந்தது.

இப்போது அங்கே வெறும் சுவர். அப்பாவும் அம்மாவும் எதற்கோ இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் கை மவுஸை விடவில்லை. பெண் நின்ற இடத்தில், சுவரின் மேல், சொட்டு நீல நிறத்தில் ஒரு கோழியை வரைந்தது. விரலால் இழுத்த மாதிரி கோணல்மாணலான கோழி. அதற்கு மூன்று கால்.

அழித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்படியே பிரிண்ட் கொடுத்தாள்.

கிளெமென்ட் இருந்த அவசரத்தில் அதைப் பார்க்காமலே கவரில் போட்டு எடுத்துப் போனார். ஷைனி மறுபடியும் புலியைத் திறந்தாள்.

வெளியே கவரைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஐயையோ, சாரி சார்!" கிளெமென்ட்தான் பதறினார். "சுவத்துல கோழி! அம்புட்டுச் சொல்லியும் இந்தப் பிள்ள வெளையாட்டுப் புத்தியக் காட்டிருச்சு. குடுங்க, இப்பவே அழிச்சுத் தாரேன்."

"அழிக்க வேணாம்."

"மாப்ள வீட்டுக்காரங்க பாத்தா..."

"கவுனுக்கு நீலம் போட வச்சிருந்ததுல விரல முக்கி, எங்க பெரியவ செவத்துல கோழி போட்டுட்டா. மூணு கால் எதுக்குடின்னா, ஒண்ணு வலிச்சா மாத்திக்கிறதுக்குன்னா." என்றார் வாத்தியார். "போட்டோவுல அது விழுந்துரக் கூடாதுன்னுதான் அவங்கம்மா அவள அதுக்கு முன்னால நிப்பாட்டுனா. அந்த வாரமே வெள்ளையடிச்சாச்சு தம்பி. எங்க வீட்டு ஆளுகளத் தவிர ஒருத்தரும் அந்தக் கோழியப் பாத்ததில்ல."



ஷைனியின் கை மவுஸின் மேலேயே இருந்தது.

ப்ளைவுட் கதவில் யாரோ மெதுவாகக் கை வைக்கும் சத்தம் கேட்டது.

"உள்ள இருக்கிறது எங்க ஷைனியா?"